பிரின்சியின் முழங்காலில் நான் தடவிய எண்ணெய்

என் மணிக்குட்டியே,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. கல்லறைத் திருநாளுக்கு வந்து மெழுகுதிரி கொளுத்தி, ‘பிள்ளை நல்லா இருக்கா’ என்று உன்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். இந்தத் தடவை அப்படிச் சொல்ல வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். நம் கடற்கரைப் பெண்கள் நாலு பேர் வாசிக்கட்டும் என்று கோயில் பத்திரிகையில் போடவும் கேட்டிருக்கிறேன்.

உன் மகள் பிரின்சிக்கு முழங்காலில் வீக்கம்.

ப்ளஸ் டூ படிக்கிறாள் இப்போது. உன்னைவிட ஒரு பிடி உயரம். பள்ளிக்கூட பஸ் படியில் சறுக்கி விழுந்துவிட்டு, “பெரியம்மே, மூட்டுக்கு மேல கடுக்குது” என்று வந்தாள். நான் மீன் விற்றுவிட்டு வந்த கையைக் கழுவினேன், முறிவெண்ணெயைச் சூடாக்கினேன், அவள் காலை எடுத்து மடியில் போட்டு இழுத்து இழுத்துத் தடவினேன். சுளுக்கு என்றால் எண்ணெய். நம்ம ஊரில் யோசிக்கிறதுக்கு முன்னால் கை போய்விடுகிறதே. உன்னைப் பறிகொடுத்த வீட்டிலேயே எனக்கு அது உறைக்கவில்லை.

நாலாம் நாள் கட்டைவிரலுக்கு அடியில் கல்லுபோல் ஒன்று தட்டியது. அமுக்கினேன். அசையவில்லை. உன் காலிலும் அப்படித்தான் இருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

நெய்யூரில் எக்ஸ்ரே எடுத்தோம். பார்த்த டாக்டர் உடனே திருவனந்தபுரத்துக்குச் சீட்டு எழுதினார். அங்கே எலும்புக் கட்டிக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார். நம்ம தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். “வீட்டுல வேற யாருக்காவது இப்படி?” என்று கேட்டார். இவள் அம்மைக்கு, என் தங்கைக்கு, எலும்பில் வந்து, நெஞ்சுக்குப் பரவிப் போய்விட்டாள் என்றேன். “அப்போ பரம்பரையா வருதான்னு ரத்தமும் பாக்கணும்” என்று எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி, “எண்ணெய் போட்டுத் தடவினீங்களா சேச்சி?”

“இல்ல” என்றேன்.

பிரின்சி என் முகத்தைப் பார்த்தாள். 

ஸ்கேனில் தள்ளினார்கள். பிறகு ஊசி போட்டு எலும்பிலிருந்து துளி எடுக்கவேண்டும் என்றார்கள். எங்கே குத்துவது என்று டாக்டரம்மாவே பேனாவால் புள்ளி வைத்தார். ஊசி போன வழியையும் பின்னால் ஆபரேஷனில் சேர்த்து வெட்டி எடுக்கவேண்டுமாம், அதனால் வேறு யாரும் கண்ட இடத்தில் குத்தக்கூடாதாம். ஒரு ஊசிக்கு இவ்வளவு பார்க்கிறார்களே, நான் நாலு நாள் அமுக்கித் தேய்த்திருக்கிறேனே. அந்த இடத்திலேயே சொன்னேன். “டாக்டரே, நான் பொய் சொல்லிட்டேன். தடவினேன்.”

“எத்தனை நாள்?”

“நாலு நாள். இவளுக்க அம்மைக்கு மூணு மாசம்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “தடவினதால வந்த கட்டி இல்ல இது. ஆனா இதை அமுக்கக்கூடாது. தடவித் தடவி நாள் போகுது பாருங்க, அதுதான் ஆளைக் கொல்லுது” என்றார்.

ரிசல்ட் வந்துவிட்டது, குட்டி. கெட்ட கட்டிதான், எலும்புப் புற்று. நெஞ்சு ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். மூன்றாவது தடவை கேட்டதற்கு நர்ஸ் சிரித்துவிட்டாள். நாளை முதல் மருந்து ஏற்றுகிறார்கள். கட்டி அடங்கினால் அந்த எலும்பை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைப்பார்களாம். அடங்காவிட்டால், ரத்தக்குழாயைச் சுற்றிவிட்டால், காலையே எடுக்கவேண்டி வரலாமாம். அதையும் மறைக்காமல் அவளிடமே சொன்னார்கள்.

இவள் கேட்கிறாள், “டாக்டரே, இரும்பு வச்சா ஏர்போர்ட்டுல பீப் அடிக்குமா?”

“அடிக்கும் மோளே. லெட்டர் எழுதித் தாறேன்.”

“அப்பா துபாய்ல இருந்து விசா அனுப்பினா லெட்டரோட போறேன்.” உன் பிள்ளைதானே. உன் வீட்டுக்காரரோ தினமும் வீடியோவில் வந்து, பேச வாயெடுத்து, அழுதுவிட்டுப் போகிறார். லீவு கேட்டிருக்கிறார்.

அறைக்கு வந்ததும் பிரின்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். “பெரியம்மே, அம்மைய ஆசான்கிட்ட நீயா கொண்டு போன? அம்மையே போனாங்கன்னுல்லா சொல்லிட்டிருந்த.”

ஆமாம், அப்படித்தான் ஆறு வருஷமும் சொல்லி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எண்ணெய் போட்டு நீவிய வர்ம ஆசானைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் மூன்றாம் முறையே கையெடுத்துக் கும்பிட்டு, “இது எலும்புக்க உள்ள கேடு பெண்ணே, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ” என்றார். நான்தான் அவருக்குக் கைராசி இல்லை என்று உன்னைத் திருவட்டாறு பக்கம் இன்னொரு ஆசானிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி என்றால் காலை வெட்டிவிடுவார்கள் என்று பயம். காலைக் காப்பாற்றப் போய் உன்னை விட்டேன்.

சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். “அம்மை வேண்டாம்னு சொல்லல்லியா?”

 “உறங்கு மக்கா” என்றேன்.

குட்டி, நாளை மருந்து ஏறும்போது பக்கத்தில் இருப்பேன். அவள் வலிக்கிறது என்றால், வலிக்கிறது என்றே டாக்டரிடம் சொல்வேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பேன். எண்ணெய்க் கிண்ணத்தின் பக்கம் போகமாட்டேன், பொய்யின் பக்கமும். இது உன்மேல் சத்தியம்.

ஆனால் அவள் கேட்டதற்கு நான் என்ன சொல்ல? ஆசான்கள் உன் காலைப் பிடித்து நீவும்போது, சத்தம் வெளியே கேட்கவேண்டாம் என்று துண்டைச் சுருட்டி உன் வாயில் வைத்தவள் நான்தானே. அந்தத் துண்டை ஒருமுறை எடுத்திருந்தால், நீ என்ன சொல்லியிருப்பாய்?

உன் கூடப்பிறந்த மூத்தவள்,
ரோணிக்கம்