அவர் கெட்டித்த மருந்து

1961 ஆகஸ்ட் 2, புதன்

விடாத மழை. கூரைத் தகரம் மூன்று இடத்தில் ஒழுகல். சட்டி வைத்தாயிற்று.

காலையில் தோட்டத்து நாலாம் லயத்து வீடுகளில் ஒரு பிரசவம் பார்த்தேன். ராக்காயிக்குப் பெண். நல்ல எடை. அழுத அழுகை கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை கேட்டிருக்கும்.

மத்தியானம் ஊர்த் தலைவர் ஆராச்சி வந்தார். சுவரில் மாட்டியிருக்கும் என் வீட்டுக்காரருடைய வேட்டைத் துவக்கு விஷயம். லைசன்ஸ் இன்னும் அவர் பேரிலேயே. அவரோ சித்திரையில் கண்ணை மூடிவிட்டார். அவர் தம்பி சவரிமுத்து பேருக்கு மாற்ற, திங்கட்கிழமை நுவரெலியா அரசாங்கக் கச்சேரிக்கு எடுத்துப் போக வேண்டும். "ஹிஸ் கரலா கேன்ன ஓனே, நோனா." காலி பண்ணிக் கொண்டுவர வேண்டுமாம்.

காலியாகத்தானே இருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 3

மழை கொஞ்சம் விட்டது. உடுப்பு ஒன்றும் காயவில்லை.

சவரி வந்து துவக்கைச் சுவரிலிருந்து இறக்கினான். இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தான்.

"அண்ணி, உள்ளார வெடிமருந்து கெடக்கு. கம்பி ஒரு சாண் வெளிய நிக்குது பாருங்க. போயி வெடிச்சிட்டு வந்துர்றேன்."

"தொடாத" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அவன் துவக்கை மெதுவாகக் கீழே வைத்தான்.

அவர் கடைசியாகப் பன்றி விரட்டிவிட்டு வந்து மாட்டியது அப்படியே இருக்கிறது. மறுநாள் காய்ச்சல், டிக்கோயா ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். செருப்பு வாச்சருக்குப் போயிற்று. அவர் கையால் செய்து வைத்தது என்று மிச்சம் இருப்பது அந்தக் குழலுக்குள் கிடப்பதுதான். அதை ஒரு புகையாக விட்டுவிட மனசு வரவில்லை.

சவரி பிளேன்டீ குடித்துக்கொண்டே ரவை டின்னை எடுத்தான். ஈய உண்டைகள் விளிம்பு வரை. "இம்புட்டு மிச்சமா? அண்ணே சிக்கனக்காரருதான்" என்றான். அவன் லயத்துத் தோட்டத்தைப் பன்றி உழுதுவிட்டதாம். எந்த உண்டை எடுக்கலாம் என்று உருட்டி உருட்டிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம். பழைய தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத் தகட்டை உரித்து, என் அடுப்பில் உருக்கி, அச்சில் ஊற்றுவார்கள். அண்ணன் தம்பி ஓயாத சண்டை. மரைமானுக்கு ஒற்றை உண்டை, பன்றிக்குச் சன்னம், அந்தப் பொடி ரவை என்பான் சவரி. அவர் விடமாட்டார். "சன்னம் பன்னிக்குச் சொறிஞ்சு விட்ட மாதிரிடா. காயத்தோட ஓடி எங்கயாவது கெடந்து சாவும். ஒத்த உண்டை, தோளுக்குப் பின்னால. முடியலைன்னா வெடிக்காத." உண்டையைச் சுற்ற என் பழைய ரவிக்கையைத்தான் வெட்டுவார்கள். என் ரவிக்கையெல்லாம் காட்டுக்குள்தான் இருக்கிறது என்று கத்துவேன். அவருக்குச் சிரிப்பு. அந்த ஈய வாடை இப்போது மோந்தால்கூட நன்றாக இருக்கும்.

ஆகஸ்ட் 5, சனி

ஹட்டன் போனேன். பஸ்ஸில் ஒரே நெரிசல்.
பஞ்சு, கார்பாலிக் சோப்பு
மண்ணெண்ணெய்
ரவை
குடைக்குப் புதுக் கம்பி (மறந்துவிட்டேன்)

மீரா நானா கடையில் ரவை கேட்டேன். "திங்கிறதா, வெடிக்கிறதா?" என் வீட்டுக்காரரிடம் நானா எப்போதும் போடும் பகிடி. வாய் தவறி வந்துவிட்டது. நானாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. திங்கிறதுதான் நானா என்றேன்.

"பாவம், நல்ல மனுசன். நம்மகிட்ட வெடிமருந்தும் கேப்பும் மட்டுந்தான் வாங்குவாரு. ஈயத்துக்கு ஒரு நாளும் வரல்ல."

பெட்டி ஈயம் இருந்ததே, எதற்கு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது அந்த மரை நினைவுக்கு வந்தது. இந்தத் தோட்டத்துக்கு நாங்கள் வந்த புதிது. ஒரு கஷ்டமான பிரசவம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன், பின்புறத்தில் அவரும் சவரியும் மரையை அறுக்கிறார்கள். வயிற்றுக்குள் குட்டி. முழுசாக உருவாகியிருந்தது. எனக்கு என்ன வந்ததோ, சட்டியைத் தூக்கி வீசினேன். "நான் ஒவ்வொண்ணா உசிரோட வெளிய எடுக்கிறேன். நீங்க உள்ளயே வச்சிக் கொல்றீங்க."

அதற்கப்புறம் அவர் தனியாகத்தான் வேட்டைக்குப் போவார். தோட்டத்துப் பன்றியை விரட்டுவது தொரை கொடுத்த வேலை, விட முடியாது. வெடி மட்டும் மலையே அதிரக் கேட்கும். ஒரு நாளும் ஒன்றும் விழுந்ததில்லை. "கணக்கப்பிள்ளை ஐயா வெடிக்கிறது தீவாளி வெடி" என்று லயத்தில் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நான். கண் கெட்டுப்போயிற்று என்று ஹட்டனுக்கு இழுத்துப்போய்க் கண்ணாடி வாங்கி மாட்டினேன். அவரும் மாட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பூசை முடிந்து சவரி கூடவே வந்தான். அவனே வழி சொன்னான்.

"வெடிக்க வேணாம் அண்ணி. திருகு வச்சிப் பிடுங்கிரலாம். அந்த உண்டைய நீங்களே வச்சிக்கங்க."

சரி என்றேன். தீப்பெட்டி ஒன்றில் பஞ்சு விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பிரசவத்துக்குக் காத்திருக்கிற மாதிரி.

கம்பி நுனியில் திருகைப் பூட்டி இழுத்தான். முதலில் தேங்காய்த் தும்பு. பிறகு துணி, என் பச்சைப் புள்ளி ரவிக்கை. பிறகும் தும்பு, நிறையத் தும்பு. "இந்தா வருது உண்டை" என்றான். மறுபடியும் தும்புதான். அப்புறம் குழலைக் கவிழ்த்தான். கறுப்பு மருந்து பேப்பரில் கொட்டியது. கம்பியை விட்டால் அடியில் இரும்பு தட்டுகிறது.

ரவை இல்லை.

சவரி மருந்தை விரலால் கிளறிப் பார்த்தான். டின்னைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அண்ணே ரவையே போடல அண்ணி. சத்தம் வரத்தான் தும்பைப் போட்டு இறுக்கியிருக்காரு."

திருகைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மரைக்கப்புறம் என்னைய ஒரு நாளும் வேட்டைக்குக் கூப்பிடல. கோவம்னு நெனச்சேன்" என்றான். அழுதான். நான் அவன் முதுகைத் தடவினேன். எனக்கு அழுகை வரவில்லை. தீப்பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனுசன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

விடியும்போதே மழை. சவரி துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கச்சேரிக்குப் புறப்பட்டான். ரவை டின்னை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று என் கையிலேயே திருப்பி வைத்தான்.

"பன்னி வெரட்ட மருந்து மட்டும் போதும் அண்ணி."

லயத்திலிருந்து ஆள் வந்தது. ஆறாம் லயம், தலைப்பிரசவம். பையை எடுக்க அலுமாரியைத் திறந்தால் அவர் கண்ணாடி.

பேப்பர் படித்தாலும் சரி, எதிர் மலையைப் பார்த்தாலும் சரி, அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பார்ப்பார். காசு கொடுத்து வாங்கியதை ஒழுங்காகப் போடத் தெரியவில்லை என்று ஒவ்வொரு நாளும் திட்டுவேன்.