ஏறிய பெயரிலேயே இறங்க வேண்டும்

முடிந்துபோன வழக்குகளின் கட்டுகளைச் சென்ற வாரம் பிரித்துக்கொண்டிருந்தபோது, இருபுறமும் துளையிட்ட பழைய கம்ப்யூட்டர் தாள் ஒன்று கையில் வந்தது. அதன் பின்பக்கத்தில், என் கையெழுத்தில், ஓர் அறிவிப்பின் வரைவு. ‘தெரிந்தே, வேண்டுமென்றே’ என்ற சொற்களின் கீழே மட்டும் நீ பென்சிலால் கோடிட்டிருந்தாய். நீ கண்ணை மூடிப் பத்து மாதங்கள் ஆகின்றன. அந்தக் கோட்டுக்கு நான் பதில் சொன்னதே இல்லை.

2004இல் அண்ணாமலை நகர் மாணவர் லாட்ஜுகளின் பக்கம் ஒரு தனியார் கம்ப்யூட்டர் மையத்தை நீ கவனித்துவந்தாய். ஒரே சர்வர், அதனோடு கேபிளில் இணைந்த எட்டு மேசைகள். கடலூர்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம். நீ கடலோரக் குப்பத்திலிருந்து வந்து இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டாய், நான் சட்டத்தை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி உன்னைப் பார்க்க வருவேன்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் சர்வர் அடிக்கடி நின்றுபோகும் காரணத்தை எனக்கு விளக்கினாய்.

“ஒரு புரோகிராமை நிறுத்தணும், எழுப்பணும்னா அதுக்கு ஒரு சிக்னல் போவும் மச்சான். அது வாங்கிக்கிற வரைக்கும் சிக்னல் கெர்னல்ல காத்துக்கெடக்கும்.”

“கோர்ட்டு அமீனா கொண்டுபோய்க் குடுக்கிற வரைக்கும் சம்மன் கட்டுல கெடக்குமே, அப்படியா?”

“அதேதான். ஒருத்தன் பேர்லயே ஆயிரக்கணக்குல சம்மன் வந்து குமிஞ்சா?”

“மத்தவனுக்கு வாய்தாவே கெடைக்காது.”

“அதான் இங்க நடக்குது வக்கீலே!” என்று மேசையைத் தட்டிச் சிரித்தாய்.

காத்திருக்கும் சிக்னல்களுக்கு இயந்திரம் முழுவதற்கும் ஒரே உச்சவரம்பு இருந்தது. ஒருவரின் கோளாறான புரோகிராம் அதை நிரப்பிவிட்டால் எட்டு மேசைகளும் முடங்கும். இயங்குதளத்தின் உட்கருவான அந்தக் கெர்னலை நீயே திருத்தி, ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி வரம்பு வைத்தாய். சிக்னல் வரிசையில் சேர்ந்தால் அந்தப் புரோகிராமின் உரிமையாளர் பெயரில் ஒன்று ஏறும். போய்ச் சேர்ந்தால் ஒன்று இறங்கும். வரம்பு நிறைந்தால் அவர் வேலை மட்டுமே நிற்கும். ஒருவர் குற்றத்துக்கு இன்னொருவர் தண்டனை பெறாத ஏற்பாடு என்று நான் மனமாரப் பாராட்டினேன்.

மூன்று மாதங்களுக்குப் பின், புவனகிரியைச் சேர்ந்த ஒரு மாணவியின் பெயரில் எண்ணிக்கை கோடிக்கணக்கில் காட்டியது. இறுதியாண்டு புராஜெக்ட் செய்துகொண்டிருந்தவர்.

“நான் ஒண்ணுமே பண்ணலை சார். உள்ள போனதுமே தொங்குது,” என்றார்.

நீ எண்ணைக் காட்டினாய்.

“இத்தினி கோடி அனுப்ப எனக்கு எங்க சார் நேரம்? நான் நாலு மணி பஸ்ஸைப் புடிக்கணும்.”

அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மைய உரிமையாளர் கடுமையான அறிவிப்பு வேண்டுமென்றார். மாணவி ‘தெரிந்தே, வேண்டுமென்றே’ சர்வரை முடக்க முயன்றதாக அந்தத் தாளில் நான்தான் எழுதிக்கொடுத்தேன். நீ கோடிட்டுக் கேட்டாய்: “வேணும்னே பண்ணுச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?” அறிவிப்பு என்றால் அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றேன். அன்றைக்கு எனக்கு அது பதிலாகவே தோன்றியது. உன் கையெழுத்தோடு அது பலகையில் ஒட்டப்பட்டது. மாணவிக்கு மையத்துக்குள் வர ஒரு மாதத் தடை. அந்த மாதத்துக்குள் புராஜெக்ட் ஒப்படைக்கும் நாள் கடந்தது; இனி அடுத்த செமஸ்டரில்தான்.

தடை முடிவதற்குள் வேறொரு மாணவர் பெயரிலும் அதே எண் வந்தது. அந்த மாணவியைப் போலவே அவரும் ஏழாம் மேசையில் உட்கார்ந்தவர். ஒரு ஞாயிறு காலை நீ அந்த மேசையில் அமர்ந்து, “கேபிளை ஆட்டு மச்சான்” என்றாய். நீ உள்நுழையும் நொடியில் ஆட்டினேன். இணைப்பு ஒரு நொடி அறுந்து மீண்டும் வந்தது. இணைப்பு அறுந்ததைச் சொல்லும் சிக்னல் ஒன்று வரிசையில் சேர்ந்தது. உள்நுழையும் புரோகிராம் அப்போது நிர்வாகியின் பெயரில் இருந்ததால் எண்ணிக்கை அங்கே ஏறியது. மறுநொடி அது பயனரின் பெயருக்கு மாறியது. சிக்னல் போய்ச் சேர்ந்தபோது எண்ணிக்கை பயனரின் பெயரில் இறங்கியது. அங்கே இருந்ததோ பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கத் தெரியாத அந்தக் கணக்கு, பின்னுக்குச் சுற்றிய வண்டி மீட்டர் ஒன்பதுகளில் நிற்பதுபோல், கோடிகளில் போய் நின்றது.

“யார் பேர்ல ஏறுச்சோ அவுங்க பேர்லதான் எறங்கணும். நான் அதை எழுதி வைக்கலை,” என்றாய்.

நான் வழக்கறிஞனாகப் பேசினேன்: சத்தமில்லாமல் சரிசெய், தடையை நீக்கு, எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்ளாதே.

“அப்ப அந்தப் பொண்ணு பேரு போர்டுல இருந்தது இருந்ததுதானா?”

அன்று மாலையே உன் வண்டியில் வெள்ளாற்றைக் கடந்து புவனகிரிக்குப் போனோம். வாசலில் மாணவியின் தந்தை நின்றார். கதவுக்குப் பின்னால் மாணவி. என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டுத் தந்தை கேட்டார்: “நோட்டீசு எழுதுனது நீங்களா?”

நான் வாய் திறக்கும் முன் நீ சொன்னாய்: “இல்லீங்க. தப்பா எண்ணுனது, எழுதுனது, ஒட்டுனது எல்லாம் நான்தான். இவரு என் பிரண்டு, தொணைக்கு வந்தாரு.”

நான் திருத்தவில்லை. அந்தப் பெண் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆறு மாசம் போச்சு சார்,” என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் பாலத்தின் மேல் வண்டியை மெதுவாக்கி, “உடு மச்சான், ஒனக்கு கோர்ட்டுல பேரு முக்கியம்,” என்றாய். மறுநாள் காலை, மாணவி மேல் தவறில்லை என்ற மறுப்பறிவிப்பை உன் கையாலேயே ஒட்டிவிட்டு, அந்த வாரமே வேலையை விட்டாய். போகும் முன் கெர்னலையும் திருத்தியிருந்தாய்: எந்தப் பெயரில் ஏறியது என்பதை ஒவ்வொரு சிக்னலும் தன்னோடு சுமந்திருக்கும்; நடுவே யார் பெயருக்கு மாறினாலும் அந்தப் பெயரிலேயே இறங்கும்.

இயந்திரத்தில் நீ திருத்தியதை என் விஷயத்தில் நீயே மீறினாய். நானும் அதை அனுமதித்தேன். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை ஆதாரம் பார்க்காமல் எந்த நோட்டீசிலும் அதன்பின் நான் எழுதியதில்லை. அது தொழில் ஒழுக்கம், ஒப்புதல் ஆகாது.

நேற்று அந்த வரைவின் நகலோடு புவனகிரி முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். மூன்று வாக்கியங்கள்: இச்சொற்களை எழுதியவன் நான். ஆதாரமின்றி எழுதினேன். உங்கள் வாசலில் நின்றும் அதைச் சொல்லவில்லை.

ஒப்புகை அட்டை இன்னும் திரும்பவில்லை. அது வரும்வரை, என் பெயரில் ஒன்று காத்திருக்கிறது.