படகைக் காயவைத்த வாரம்

8, செவ்வாய். நல்ல வெயில்.
பரணிலிருந்து படகை இறக்கினேன். குவார்ட்டர்ஸ் காலி பண்ணப் பத்து நாள்தான். காற்றடிக்கிற ரப்பர் படகு, டவுன்ஷிப்பிலேயே என் ஒருவனிடம்தான். வெள்ளத்தில் நாற்பது பேரைக் கரையேற்றியவன் நான். கலெக்டரே வந்து கை கொடுத்தார். (வந்தது தலையாரி. இருந்தாலும்.)

செய்ய வேண்டியது:
சோப்புத் தண்ணீர். பினாயில் கூடாது.
ஈரம் ஒரு சொட்டு நிற்கக் கூடாது.
மடிப்பெல்லாம் பவுடர்.
தளர்வாகச் சுருட்டணும். எலி!!

சென்னையிலிருந்து மகள் போன். "எங்க வூடே ரெண்டு ரூமு. போட்ட எங்கப்பா வெக்கிறது? யாருக்காச்சும் குடுத்துடு." விஜயா போய்ச் சேர்ந்து மூன்று மாதம். அம்மா குரல் அப்படியே இவளுக்கு.

9, புதன். காற்று.
கழுவி, காற்றடித்து, மாடியில் போட்டேன். டீ குடித்துவிட்டு வந்தால் படகு முழுக்கச் சாம்பல். துணி காயப்போடும் முன் விஜயா அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்ப்பாள். புகை நம் பக்கம் சாய்ந்தால் அன்றைக்குக் கொடி வீட்டுக்குள். முப்பது வருஷத்தில் நான் ஒருநாள் அண்ணாந்து பார்த்ததில்லை.
மறுபடி கழுவினேன். ஏன் மறுபடி என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார். சொன்னேன்: "ரெண்டு தடவை கழுவறதுதாம்மா நேவி முறை."
சாதம் குழைந்துவிட்டது.

11, வெள்ளி. மூட்டம்.
புகை மேற்கே. பார்த்துவிட்டுத்தான் போட்டேன். காய்ந்தது.
பவுடர் இல்லை. பீரோவில் அவள் டப்பா, பாதி இருந்தது. திறந்தேன். மூடிவிட்டேன். மந்தாரக்குப்பம் போய்ப் புது டப்பா. வேறு வாசனை.

13, ஞாயிறு. வெயில்.
படகு கேட்டு முத்தாண்டிக்குப்பத்திலிருந்து கலியன் வந்தார். மீன் குட்டை வைத்திருக்கிறார். நான் ஆரம்பித்தேன்: அறுபது பேர், கழுத்தளவு தண்ணீர், தனியாளாகத் துடுப்பு...
"அன்னிக்கி நானும் எம் பொண்டாட்டியும் இதுலதாங்க வந்தோம். மொத்தமே ஏழு பேரு. அம்மாதான துடுப்பு போட்டாங்க? நீங்க கயித்தப் புடிச்சிக்கினு குந்திக்கினு இருந்தீங்க."
சிரித்தார். நானும்.
"அம்மா எங்கங்க? ஒரு கும்புடு போட்டுட்டுப் போறேன்."
"ராத்திரியெல்லாம் இருமல். இப்பதான் தூங்குது." வாயில் வந்துவிட்டது.
"அய்யய்யோ, எழுப்பாதீங்க."
அதற்கப்புறம் அவர் குரலே எழும்பவில்லை. காற்று சத்தம் போடுமென்று மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். நான் பவுடர் தூவினேன். வாசலில் இரண்டு பேரும் மண்டிபோட்டு, சத்தமில்லாமல் சுருட்டினோம்.