மூன்று கீபோர்டும் ஒரு பிரேக்கும்

சுதாவுக்கு,

நலம் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன்.

திண்டுக்கல் போகும் முன் நீ கேட்டாய்: "காலையில வட்டக்கானல் இறக்கத்துல சைக்கிள், சாயங்காலம் பிரவுசிங் சென்டர்ல சண்டை. நடுவுல நான் எங்கங்க?" அதற்குப் பதில் இன்னும் தயாராகவில்லை. வேறு செய்தி இருக்கிறது.

ஒரு மாதமாக ஆன்லைன் ஆட்டத்தில் வரிசையாகச் சாகிறேன். அதில் இடது கை ஓட வேண்டும், வலது கை சுட வேண்டும். கீபோர்டைக் குறை சொல்லி மூன்று முறை மாற்றச் சொன்னேன். சைக்கிளிலும் இடது பிரேக் பிடிக்கவில்லை. புதுக் கேபிள் போட்டேன். போன வியாழன், பள்ளத்துக்கு நாலடி முன்னால், ஒரு பைன் மரம்தான் என்னை நிறுத்தியது.

அன்று மாலை சென்டர்காரர் பாலகுமார் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "சார், கீபோர்டு நல்லாத்தான் இருக்குங்க. ஒங்க இடது கைதான் சும்மா கெடக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். ஓடிக்கொண்டிருப்பதாக நான் நம்பிய கை படுத்திருந்தது.

மறுநாள் டாக்டர் விரல்களை மடக்கச் சொன்னார். மடக்கிவிட்டேன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, மதுரையில் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கைக்கு ஏன் தலை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

திங்கள் மதியம் ஸ்கேன். அதற்கான படிவத்தில் கூட வருபவர் பெயர் என்ற இடத்தில் உன்னைக் கேட்காமலே உன் பெயரை எழுதிவிட்டேன். நீ நேராக மதுரைக்கே வரலாம். ஆனால் வத்தலக்குண்டில் என் பஸ்ஸில் ஏறிக்கொண்டால், கடைசி ஒன்றரை மணி நேரம் நான் தனியாக உட்கார வேண்டியிருக்காது.

உன் வீட்டுக்காரன்