உப்புண்டவர்க்குக் காட்டிய எம் ஊற்று

செழிப்பு உண்டாகுக. அத்தியும் ஒலிவமும் செறிந்த மலைநகர் செராதாவின் காவலன், ஏவியர் குலத்து மூத்தோன் அப்திமல்கு, இரும்பு ரதங்கள் உருளும் சமவெளி நகர் மெகோரின் வேந்தரும் எம் தங்கை அரிஷாத்தின் கொழுநருமாகிய யாபிசேது மைத்துனருக்கு விடுக்கும் ஓலை. உம் வயல்கள் விளைக. உம் வாயில்கள் நிலைக்க. எம் தங்கை நலமாயிருக்க. இதற்கு மேல் வாழ்த்த எம் நெஞ்சு ஒப்பவில்லை.

யோர்தானைக் கடந்து வந்து மலைநாடெங்கும் கூடாரமிட்டிருக்கும் இஸ்ரவேலர், கானான் நாட்டை அளந்து எழுதிவர ஆள் விட்டதையும், அவருள் சிலர் உம் அரண்மனையில் உப்பும் அப்பமும் உண்டதையும் அறிந்தோம். உப்புண்டவனைத் தாகத்தோடு விடலாகாது, அவன் செல்லும் வழியில் தண்ணீர் இருக்கும் இடத்தைச் சொல்லியே அனுப்ப வேண்டும் என்பது எபூசியரும் பெரிசியரும் நாமும் ஒருங்கே காக்கும் வழக்கம். அதை யாம் பழிக்கவில்லை. வழியோரக் கிணறுகள் எத்தனையோ இருக்க, எம் மேற்குப் பாறையடியில் மறைந்திருக்கும் ஊற்றையா சொல்லியனுப்புவது? மதிலுக்குள்ளிருந்து படியிறங்கி அதில் மொண்டு குடித்தன்றோ எம் முன்னோர் முற்றுகைகளைத் தாங்கினர்! பெண் கொடுத்தவர் அவள் குடித்து வளர்ந்த தண்ணீரை மணமகனுக்குக் காட்டுவது எம் குலமுறை என்பதால், மணநாளில் உம் கையைப் பிடித்து யாமே அழைத்துச் சென்றோம். வேறெந்த வெளியூராரும் அதைக் கண்டதில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அப்படி வாரி வழங்கிவிட்டீர்.

விளைவைக் கேளும். இஸ்ரவேலர் கூடாரங்களுக்கு எண்ணெய் விற்கச் சென்ற எம் வணிகர் அசுபாலை அவர்களுள் ஒரு முதியவர் அன்போடு அமரவைத்து, செராதாவின் அத்தி ஆண்டுக்கு இருமுறை காய்க்குமா என்று வினவினாராம். எதற்கு என்றதற்கு, நாட்டைப் பங்கிட்டுச் சீட்டுப் போட்டதில் அவ்வூர் தம் குடும்பத்துக்கு விழுந்ததென்றும், பாறையடியில் நல்ல தண்ணீர் உண்டென மெகோரில் சொன்னார்கள் என்றும் கூறினாராம். இங்கே அடுப்பு எரிகிறது, தொட்டிலில் பிள்ளை உறங்குகிறது. அங்கே எம் வீட்டுக்குச் சீட்டு விழுந்துவிட்டது.

ரதங்கள் இருக்க எமக்கென்ன என்று இருந்துவிடாதீர், மைத்துனரே. மெகோருக்கும் சீட்டு விழுந்திருக்கிறது. உம் களஞ்சியத்தருகே எத்தனை எருதுகள் கட்டலாம் என்று இன்னொருவர் அசுபாலிடம் விசாரித்தாராம்.

எம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே எம்மை ஒருவர் சூழ்ந்திருக்க யாம் விடோம். அந்த ஊற்றை இன்று எம் கையாலேயே கல்லிட்டுத் தூர்த்தோம். தொட்டிகளில் எஞ்சிய மழைத்தண்ணீர் மதில் காக்கும் வீரருக்கே போதும். யாமும் அவர்களோடு இருப்போம். எம் பெண்டிரும் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் இவ்வோலையின் பின்னே உம்மிடம் வருகின்றனர். முன்பின் அறியாதவர்க்கு இட்ட உப்பையும் அப்பத்தையும் இவர்களுக்கும் இடுக. இவர்கள் வந்து சேருமுன் கதவைத் திறந்து வைக்க. இது பெண் கொடுத்த மூத்தவனின் கட்டளை.

ஓலையைப் படித்தபின், உடைத்த முத்திரையை எறிந்துவிடாமல் எம் தங்கையிடம் கொடுக்க. ஊற்றை மூடுமுன் கடைசியாக மொண்ட தண்ணீரில் அம்முத்திரைக் களிமண்ணைக் குழைத்தோம்.