பதினேழு ஜீபி எங்கே போனது

நிந்தவூர்,
21.09.2025

அன்பு மகன் ஹாதிக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உன் வாப்பா, தங்கச்சி நிஹ்லா, நான், வளவில் கட்டியிருக்கும் ஆடு, கம்ப்யூட்டர் எல்லோரும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்கிறேன். கம்ப்யூட்டரின் சுகத்தை ஏன் சேர்த்து எழுதினேன் என்பது போகப்போகத் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக் கதைக்கிற மகனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்தக் கதையை அதில் சொன்னால் உன் வாப்பா பக்கத்தில் நின்று வசனத்துக்கு வசனம் திருத்துவார். உன்னோடு கட்டாரில் இருக்கும் மசூர் லீவு முடிந்து நாளைக்குத் திரும்புகிறான், அவன் கையில் உனக்கு நெத்தலிக் கருவாடும் கறித்தூளும் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டுப் பொதிக்குள் கடிதத்தை வைத்தால் வாப்பா தேடமாட்டார்.

நிஹ்லாவுக்குக் கொழும்பில் ஒரு டியூஷன் நிறுவனம் வேலை தருவதாகச் சொன்னது உனக்குத் தெரியும். பாடம் நடத்துகிற வீடியோக்களை வீட்டிலிருந்தே வெட்டி ஒட்டி அனுப்பவேண்டும், முதலில் மூன்று செய்து காட்டு, பிடித்தால் வேலை என்றார்கள். எங்கள் கம்ப்யூட்டரோ சுவிட்சைப் போட்டபிறகு நான் பிளேன்டீ ஊற்றிக் குடித்து, கோப்பையும் கழுவிக் கவிழ்த்தபிறகுதான் கண் திறக்கும். போதாததற்கு உள்ளே டிக் டிக் என்று சத்தம். கல்முனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பெரியநீலாவணைக் குணம் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க் இன்றோ நாளையோ போய்விடும், அதை நம்பி ஒன்றையும் வைக்காதீர்கள், எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள் என்றார். எவ்வளவு பெரியது வாங்குவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. இருநூற்று நாற்பது ஜீபி ஒன்று இருந்தது, நானூற்று எண்பது ஜீபி ஒன்று இருந்தது. பெரியது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை. இந்தச் சிறுபோகம் நெல் விலை படுத்துவிட்டதால் வாப்பா சின்னதே காணும், அதுவே போதும் என்றார். உன்னிடம் காசு கேட்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன், நிஹ்லா விடவில்லை. காக்காவிடம் கேட்டால் அதையே சாட்டாகச் சொல்லிப் பெருநாளைக்கு வராமல் இருந்துவிடுவார் என்றாள். உன் தங்கச்சி உன்னை நன்றாகப் படித்து வைத்திருக்கிறாள்.

நான் மட்டும் பெரியதுதான் வேண்டும் என்று நின்றேன். காரணத்தை அப்போது சொல்லவில்லை, இப்போது உனக்குச் சொல்கிறேன், கோபப்படாதே. நீ போன புதிதில் நிஹ்லா தன் ஒன்லைன் வகுப்பை எப்படிப் பதிவு செய்வது என்று எனக்குக் காட்டித் தந்தாள், அவள் குளிக்கப் போனால் நான் பொத்தானை அமத்தவேண்டும் என்பதற்காக. அதைப் படித்துக்கொண்டதிலிருந்து நீ கதைத்த ஒரு வெள்ளிக்கிழமையையும் நான் விடவில்லை. நாலு வருடம். பகலில் வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் போட்டுப் பார்ப்பேன். யாரும் திறக்கக்கூடாது என்று அந்த ஃபோல்டருக்குத் தையல் என்று பெயரும் வைத்தேன். கம்ப்யூட்டர் ஏன் நிறைந்தது என்று விசாரணை நடந்தபோது வாப்பாவின் டிராக்டர் வீடியோக்கள்மேல் பழி விழுந்தது, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பிறகு, தையல் மாதிரிப் படங்கள் நிறைய இடம் பிடிக்கும், பெரியதே வாங்குவோம் என்று சொல்லிப் பார்த்தேன். வாப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தையல் மெஷினை விற்று மூன்று வருடம் ஆகிறதே என்றார். சின்னது வந்தால் என் தையலுக்கு இடம் கிடையாது, பழையது எந்த நேரமும் செத்துவிடும், நாலு வருடத்து உன் முகமும் அதோடு போகும் என்று நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பென் டிரைவில் போட்டு வைக்கலாமே என்று நீ கேட்பாய். இந்த வீட்டிலிருந்த ஒரே பென் டிரைவை வாப்பா சட்டைப் பையில் மறந்து, நான் அதை வாஷிங் மெஷினில் போட்டு, அது பளிச்சென்று வெளுத்து வந்தது, உள்ளே இருந்ததும் சேர்ந்து வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து பையைத் தடவிப் பார்க்காமல் நான் ஒரு சட்டையும் துவைப்பதில்லை.

போன கிழமைக்கு முந்திய புதன்கிழமை வாப்பாவும் நிஹ்லாவும் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனார்கள். இருநூற்று நாற்பதைத்தான் வாங்கினார்கள். குணம் அங்கேயே பழையதற்குப் பக்கத்தில் பூட்டி ஒருமுறை போட்டுக் காட்டினார். இனி நடந்தது நிஹ்லா வந்து சொன்னது, சிரிப்பை அடக்கமுடியாமல் மூன்று தவணையில் சொன்னாள். திரையில் 223 என்று விழுந்ததாம். வாப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்பவும் பெட்டியைப் பார்த்தார். "தம்பி, பெட்டியில இருநூத்தி நாப்பது எண்டு போட்டிரிக்கி, உள்ளுக்கு இருநூத்தி இருபத்திமூணுதான் இரிக்கி. மிச்சம் பதினேழையும் வைங்க" என்றாராம். முன்பு ஒருமுறை நெல் ஆலைக்காரன் மூட்டைக்கு இரண்டு கிலோ சாக்குக் கழிவு என்று பிடித்தபோது, வெறும் சாக்கைத் தராசில் போட்டு நிறுத்துக் காட்டு என்று அரைநாள் அங்கேயே நின்ற மனுசன் அல்லவா. குணம் பொறுமைசாலி. கம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணி இருநூற்று நாற்பது என்று போடுகிறது, கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநாலு, ஆயிரத்து இருபத்துநாலாக எண்ணுகிறது, அதனால் குறைந்து காட்டுகிறது, ஒருவரும் எடுக்கவில்லை காக்கா என்று வாப்பாவுக்குத் தாளில் எழுதிக் காட்டினாராம். அப்படியென்றால் யாருடைய அளவு சரி என்று வாப்பா கேட்டிருக்கிறார். இரண்டும் சரிதான் என்றிருக்கிறார் குணம். "ரெண்டு மரைக்காலும் சரியெண்டா எப்பிடித் தம்பி நெல் அளக்கிற?" என்று இவர் தொடங்கிவிட்டார். குணம் பிளேன்டீ எடுப்பித்துக் கொடுத்தார், மவுஸுக்குக் கீழே போடுகிற துணி ஒன்றைச் சும்மா கொடுத்தார். வாப்பா டீயைக் குடித்தார், துணியையும் வாங்கிக்கொண்டார், பதினேழை மட்டும் விடவில்லை. அஸருக்குப் பாங்கு சொன்னதும் பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பிடித்தாராம். கடைசியில் குணம், இதை முழுவதும் நிரப்பவும் கூடாது காக்கா, கொஞ்சம் இடம் வெறுமையாக விட்டால்தான் வேகமாக ஓடும் என்று வேறு சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் வாப்பாவின் முகம் செத்துப்போனது என்றாள் நிஹ்லா.

நான் சும்மா விடுவேனா. இரண்டு நாளாகச் சோறு வைக்கும்போதெல்லாம், பெரிய கரண்டியால் அளக்கவா, சின்னக் கரண்டியால் அளக்கவா, இரண்டும் சரிதானாமே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, எரிந்தும் விழவில்லை, அதுவே எனக்குப் புதினமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவர் கல்முனைக்குப் போட்டுப்போன சட்டையைத் துவைக்க எடுத்தேன், வழக்கம்போலப் பையைத் தடவினேன். பஸ் டிக்கட்டோடு நாலாக மடித்த துண்டுத் தாள் ஒன்று. நிஹ்லாவின் கையெழுத்தில் மூன்றே வரி. விண்டோஸ் 70. என் வேலை 90. உம்மா 80. கீழே வாப்பா பென்சிலால் கூட்டி 240 என்று எழுதி, அதற்கு வட்டமும் போட்டிருந்தார். நான் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அவர்களுக்கு முதலே தெரியும், மகன். தையலைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கையிலிருந்த காசுக்குள் என் வெள்ளிக்கிழமைகளையும் அடக்க வழி பார்த்து, கூட்டிச் சரிபார்த்துக்கொண்டுதான் அந்த மனுசன் பஸ் ஏறியிருக்கிறார். குறைகிற பதினேழும் என்னுடைய எண்பதிலிருந்துதான் போகும் என்று தெரிந்துதான் அஸருக்குப் பிறகும் போய் நின்றிருக்கிறார். நான் இரண்டு நாள் கரண்டியைக் காட்டிச் சிரித்திருக்கிறேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

துண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நிஹ்லாவிடம், எவ்வளவு குறைக்கவேண்டும் என்று மட்டும் கேட்டேன். எதை என்று அவளும் கேட்கவில்லை, முப்பது உம்மா என்றாள். பழைய டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேரும் இருந்து பார்த்தோம். மகன், நாலு வருடத்தில் நீ எனக்குக் காட்டியதில் காற்பங்கு உன் அறை ஃபேன். போனை மேசையில் மல்லாக்கப் போட்டுவிட்டு நீ உடுப்பு மடிப்பாய், நான் ஃபேனோடு கதைத்துக்கொண்டிருப்பேன். இன்னும் கொஞ்சத்தில் நெட்வேர்க் நின்று, நீ வாய் திறந்தபடி அப்படியே இருக்கிறாய். மிச்சத்தில் பாதி, போனைக் காதில் வைத்துக்கொண்டு கதைத்த உன் காது. இவற்றை நீக்கியதிலேயே முப்பது ஜீபி லேசாகப் போய்விட்டது. காதுப் படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். போகிற போக்கில் வேறு சிலதும் அகப்பட்டன. சாப்பிட்டேன் உம்மா என்று நீ சொன்ன பதினொரு வெள்ளிக்கிழமைகளில் உனக்குப் பின்னால் சட்டி கவிழ்த்தபடியே இருக்கிறது. அந்த நீல டீசேட்டை இரண்டு வருடமாக விடாமல் போடுகிறாய். பிறகு பெருநாள்கள். நீ போனபிறகு நாலு நோன்புப் பெருநாளும் நாலு ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போயிருக்கின்றன, எட்டிலும் நீ ஒரே வசனம்தான் சொல்லியிருக்கிறாய். நிஹ்லா கை பழகட்டும் என்று அதை மட்டும் வெட்டி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒட்டிவிட்டாள். "அடுத்த பெருநாளைக்குக் கட்டாயம் வாறன் உம்மா, இன்ஷா அல்லாஹ்." எட்டுத் தரம். டீசேட் மாறுகிறது, தாடி வருகிறது, தாடி போகிறது, முன்தலையில் மயிர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குகிறது, வசனம் மட்டும் அசையவில்லை. முதலில் நானும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தோம். வாப்பா வந்து பின்னால் நின்று பார்த்தார். திரும்பப் போடு என்றார், திரும்பவும் பார்த்தார். பிறகு ஆட்டுக்குக் குழை வைக்கவேண்டும் என்று வளவுக்குப் போனார். ஆட்டுக்கு நான் அப்போதுதான் குழை வைத்திருந்தேன்.

இப்போது கம்ப்யூட்டர் நான் பிஸ்மில்லாஹ் சொல்லி முடிக்குமுன் திறக்கிறது, பிளேன்டீ குடிக்க நேரமே கிடைப்பதில்லை. நிஹ்லா மூன்று வீடியோவையும் நாள் தவறாமல் அனுப்பினாள், நேற்று வேலையும் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். முதல் சம்பளத்தில் உங்களுக்குப் பெரியதாக ஒன்று வாங்கிப் பூட்டுகிறேன் உம்மா என்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரியதை வாங்கினால் நான் இன்னும் நாலு வருடம் உன்னை அதற்குள் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்துவிடுவேன். நேற்று முன்தினம் நீ கதைத்தபோது நான் பதிவு செய்யவில்லை, இனிச் செய்யப்போவதும் இல்லை. ஒன்பதாம் தரம் நீ அந்த வசனத்தைச் சொன்னால் அதை வைக்க என்னிடம் இடமில்லை, மகன். வருகிற நோன்புப் பெருநாளைக்கு நீயே வா. சம்மாந்துறையிலிருந்து உனக்கு ஒரு சம்பந்தம் கேட்டு வந்திருக்கிறார்கள், நல்ல பிள்ளை, அதைப்பற்றி வந்தபிறகு கதைப்போம். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், கலியாணம் முடித்துவிட்டால் நீ பெண் வீட்டில்தான் இருப்பாய், பெருநாள் தொழுகைக்கும் அந்த வாசலிலிருந்துதான் புறப்படுவாய். அதற்கு முன் ஒரு பெருநாள் காலையில் நீயும் வாப்பாவும் இந்த வாசலால் இறங்கிப் பள்ளிக்குப் போகிறதை நான் நின்று பார்க்கவேண்டும். கண்ணால் பார்த்தால் எனக்குக் காணும்.

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் உழைக்கிற ரிஸ்கில் பரக்கத்தையும் தரட்டும், உன்னைக் காத்து எங்கள் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும். கருவாட்டை அறைக்குள் பொரித்துப் பக்கத்து அறைக்காரரிடம் ஏச்சு வாங்காதே. மசூரிடம் இரண்டு டீசேட்டும் இருக்கிறது, கேட்டு வாங்கு, நீலம் இல்லை. போனை மல்லாக்கப் போடாதே. அந்தத் துண்டைச் சட்டை காய்ந்ததும் மடித்து அதே பையில் வைத்துவிட்டேன், நான் பார்த்தது வாப்பாவுக்குத் தெரியாது, நீயும் காட்டிக்கொள்ளாதே. அவர் மசூரிடம் உனக்கு ஸலாம் சொல்லிவிட்டிருக்கிறார். கட்டாரில் அந்தக் கம்பனிக்காரர் யாரையும் கண்டால், பதினேழு ஜீபி எங்கே போனது என்று கேட்டு வரச் சொன்னார். கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, நீ வா.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
உம்மா,
நபீஸா