ஸ்டோரிலிருந்து இறங்கிய கறுப்பு கார்

மச்சான்,

எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து பிரேக் எண்ணெய் வாடை போகவில்லை. காப்பிக் குவளையைத் தூக்கினால் அதிலும் அந்த வாடைதான். என் ஒர்க்‌ஷாப்பை மூடியதிலிருந்து மறந்திருந்த வாடை. இன்று குவளையைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உன் காரை நேற்று வெளியே எடுத்தோம்.

ஆரம்பித்தது உன் மகள் கலா. உனக்கு முதல் திதி கொடுத்த கொஞ்ச நாளில், தோட்டத்துப் பழைய ரப்பர் ஸ்டோரை இடிக்கப்போவதாகச் செய்தி வந்தது. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டவர்களுக்கு அந்த இடமும் வேண்டுமாம். நீ தார்ப்பாய் போர்த்தி நிறுத்திய கார் அதற்குள்ளேயே கிடந்தது.

"லாரியில ஏத்திடலாம்மா," என்றேன்.

"வேணாம் மாமா. அப்பா ஓட்டுன கார். ஓட்டித்தான் வெளிய கொண்டாரணும். தஞ்சோங் மாலிம் கார் பேக்டரில தினம் புதுக் கார் ஓட்டிப் பாக்குறேன், இத ஓட்ட மாட்டேனா?" என்றாள். பிறகு, "அப்பா ஏன் மாமா இத நிறுத்துனப்புறம் தொடவே இல்ல?" என்று கேட்டாள்.

"ஸ்பேர் பார்ட் கெடைக்கல லா." நீ ஊருக்கெல்லாம் சொன்ன பதிலையே நானும் சொன்னேன்.

அப்போது ஈப்போவில் தோட்ட முதலாளி தவுக்கேயின் கார் என்றால் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். அவருக்குச் சொந்தமானாலும், டிரைவர் நீ, அது உன் கார்தான். வெள்ளைச் சட்டையும் நீயுமாக அதிலிருந்து இறங்கும்போது, முதலாளி யார் என்று சந்தேகமே வரும். அந்த நாள் தவுக்கே குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போகும்போது, எஞ்ஜின் சூடேறினால் பார்க்க என்று என்னையும் முன்சீட்டில் உட்காரவைத்தாய். திரும்பி தாப்பா பக்கம் இறங்கும்போது பின்னால் தவுக்கேயின் தாயாரும், அவர் மடியில் இரண்டு பேரப்பிள்ளைகளும் தூக்கத்தில் இருந்தார்கள். ஒரு வளைவில் உன் கால் பிரேக்கை மிதித்தது. மிதிகட்டை தரைவரை போனது. வண்டி நிற்கவில்லை.

நீ கத்தவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. கியரைக் குறைத்தாய். இடப்பக்க மண்மேட்டில் கதவை உரசவிட்டாய். என் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே மண்ணும் வேரும் பாய்ந்து போனதை இப்போதும் பார்க்கிறேன். வண்டி நின்றபோது உன் பக்கம் பள்ளத்துக்குக் கொஞ்சம்தான் மிச்சம். அந்த அம்மாள் விழித்து ஏன் நின்றது என்று கேட்டார். எஞ்ஜின் ஆறட்டும் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, காருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாய்.

"மச்சான், நான் பயந்துட்டேன்னு யாருகிட்டயும் சொல்லிறாதே."

தவுக்கே குடும்பம் வெளிநாட்டுக்குப் போனபோது உனக்கு நன்றியாகக் காரை உனக்கே கொடுத்தது. நான் ஒட்டுப்போட்டிருந்த பிரேக்கோடு, சைக்கிள் வேகத்தில் அதை ஓட்டிவந்து ஸ்டோரில் நிறுத்தினாய். அப்புறம் எந்த ஸ்டியரிங்கையும் நீ பிடிக்கவில்லை. பிரேக் சாமான்களை நான் வாங்கிவந்து கொடுத்தபோது, பொட்டலத்தைப் பிரிக்காமலே வீட்டு அலமாரிக்கு மேல் வைத்தாய்.

கலாவும் நானும் ஞாயிறு தவறாமல் போனோம். சீட்டுக்குள் எலி கூடு கட்டியிருந்தது. தோல் வெடித்திருந்தது, பெட்ரோல் டேங்க் முழுக்கத் துரு. எஞ்ஜின் இறுகிப்போயிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, கையால் சுற்றிச் சுற்றி இளக்கினோம். ஒருநாள் இருமிக்கொண்டே உயிர் வந்தது. நீலப் புகையில் ஸ்டோரே மறைந்தது. கலா கைதட்டினாள். நான் சிரித்துவைத்தேன். மனசுக்குள், இது வராமலே இருந்திருக்கலாம் என்றுதான் இருந்தது. ஓடாத காருக்குப் பிரேக் தேவையில்லையே.

பிரேக்கில் பழைய ரப்பர் ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. புதுக் குழாய், புது எண்ணெய். ஆனாலும் பூட்டியதைக் கழற்றினேன், கழற்றியதைப் பூட்டினேன். "மாமா, போன வாரந்தானே டைட் பண்ணீங்க," என்று கலா முறைத்தாள். என் தொழிலில் எனக்கே நம்பிக்கை போயிருந்தது.

நேற்றுக் காலை அவள் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். ஸ்டோரிலிருந்து செம்மண் பாதை செங்குத்தாக இறங்கிப் பெரிய ரோட்டில் முட்டும். அங்கே லாரிகள் நிற்காமல் ஓடும். சமதளத்தில் பிரேக் பிடித்தது. இறக்கத்தில் முதல் மிதிக்கும் பிடித்தது. பாதி வழியில் கீழேயிருந்து செம்பனைக் குலை லாரி ஏறிவந்தது. கலா ஓரத்தில் நிறுத்தினாள். லாரி உரசுவதுபோல் போயும்விட்டது. கார் நகரவில்லை.

"போலாம்மா."

"மாமா, கால எடுக்க முடியல." அவள் முகம் வெளுத்திருந்தது. "எடுத்தா பிரேக் திரும்பப் பிடிக்குமான்னு பயமா இருக்கு. பேக்டரில எனக்கு இப்படி ஆனதே இல்ல. அப்பா எப்படித்தான் பயமில்லாம ஓட்டுனாரோ."

நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தேன்.  "உங்கப்பா பயந்தாரும்மா. அதான் இத நிறுத்திட்டாரு."

"பார்ட் கெடைக்கலன்னு…"

"கெடச்சிது. நானே வாங்கிக் குடுத்தேன்."

அந்த இறக்கத்திலேயே, எஞ்ஜின் ஓட ஓட, தாப்பாவில் நடந்ததைச் சொன்னேன். வாந்தி எடுத்ததையும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைக்கவில்லை. கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. நான் முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பயத்தோடயா மறுபடி இந்த ஸ்டோர் வரைக்கும் ஓட்டிட்டு வந்தாரு?" என்றாள்.

மச்சான், இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

அவள் காலை எடுத்தாள். கார் நகர்ந்தது. அடுத்த மிதியில் பிரேக் பிடித்தது, அதற்கடுத்த மிதியிலும். பெரிய ரோட்டு முனையில் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. பிறகு சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டி ஈப்போ வரை மெதுவாக வந்தோம். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். எந்தப் போலீஸும் எங்களை நிறுத்தவில்லை. கார் இப்போது அவள் வீட்டு வாசலில் நிற்கிறது. அலமாரி மேல் கிடந்த பொட்டலத்தை அவள் இன்று கண்டெடுத்து, பிரிக்காமலே முன்சீட்டில் வைத்திருக்கிறாளாம்.

சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன். இருந்திருந்தால் என்னோடு பேசியிருக்கமாட்டாய்.

அடுத்த ஞாயிறு காரை எடுத்துக்கொண்டு கமுந்திங் ஊர் வரை போகலாமா என்று சற்றுமுன் கேட்டாள். வாரேன் என்றேன். இன்னும் எனக்குப் பயம்தான் மச்சான். ஆனால் இது என் பயம் மட்டும். உன்னுடையதை இனி அவளும் ஒரு பக்கம் பிடித்துக்கொள்வாள்.